கடைசிப் படகு எத்தனை மணிக்கு?
வாசகர் கேள்வி – பதில்

சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களிலிருந்து கிளம்பி நியூ கலிடோனியா, வனுவாட்டு, ஃபிஜி தீவுகளைச் சுற்றிவரும் பயணக் கப்பல்களில் வேலை பார்க்கும் வாசகர்களும், அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இந்த வழியில் வரும் பல தீவுகளில் பெரிய கப்பல் வந்து அணையும் துறையே கிடையாது. கப்பல் தள்ளி நின்றுகொள்ளும், டெண்டர் என்ற சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். ஊழியர்களின் கேள்விகளில் பாதி அங்கிருந்துதான் முளைக்கிறது.

கேபின் ஸ்டீவர்டாகச் சேரப் போகிறேன். பயணிகள் எல்லாரும் தீவில் இறங்கும் நாளில் எங்களுக்கும் இறங்க நேரம் கிடைக்குமா?
*தூத்துக்குடி வாசகர்*

கிடைக்கும். ஆனால் மூன்று கதவுகள் திறக்க வேண்டும்.

முதல் கதவு ஐ.பி.எம். கப்பல் நின்றிருந்தாலும் தீ, வெள்ளம் என்று வந்தால் சமாளிக்க ஊழியர்களில் ஒரு பகுதியினர் எப்போதும் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். அந்த முறைப் பட்டியலைத்தான் கப்பலில் ஐ.பி.எம். என்பார்கள். உங்கள் பெயர் அன்றைக்கு அதில் இருந்தால் கேங்வேயில், அதாவது கப்பலில் ஏறி இறங்கும் வாசலில், அட்டையைத் தேய்த்ததுமே சிவப்பு விளக்கு எரியும். முறையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அவசரகாலத்தில் அதே பொறுப்பில் உள்ள ஒருவரோடுதான். வாய்ப்பேச்சு போதாது, மேலாளர் கையெழுத்துடன் பதிவாக வேண்டும். எந்தத் தீவு உங்களுக்கு முக்கியம் என்று பயணத் திட்டம் கைக்கு வந்த அன்றே பார்த்துவிட்டு மாற்றுக்கு ஆள் கேளுங்கள். முந்தின நாள் இரவு கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

இரண்டாவது கதவு டெண்டர். பயணிகள் இறங்கி முடியும்வரை ஊழியர்களுக்கு இடமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 பயணிகள் இறங்குகிறார்கள், நான்கு படகுகள், படகுக்கு 90 பேர், போய்வர 40 நிமிடம் என்றால் மணிக்கு 540 பேர். எல்லாரும் இறங்க ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஆகும். காலை 8 மணிக்கு முதல் படகு விட்டால் ஊழியர்களுக்கான அறிவிப்பு 11 மணியை ஒட்டித்தான் வரும். மதியம் 2 மணிக்கு மேல் பயணிகள் திரும்பத் தொடங்கிவிடுவார்கள், கரையில் வரிசை நீளும். ஆகவே தீவில் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டரை மணி, நன்றாக அமைந்தால் மூன்று மணி. காலை வேலையை 10:45-க்குள் முடித்து, சீருடையை மாற்றிக்கொண்டு அறிவிப்புக்குத் தயாராக நிற்பவருக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-இன்படி, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும். அந்த 10 மணியை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு 11:30-க்கு முடித்து 6:30-க்கு எழுந்தால் 7 மணி நேரம். பாக்கி 3 மணி நேரம்தான் உங்கள் மதிய விடுப்பு. அதாவது தீவில் கழிக்கும் நேரம் உங்கள் தூக்கக் கணக்கிலிருந்து போகிறது. அடுத்தடுத்து நான்கு நாள் நான்கு தீவுகள் வரும் பயணத்தில் நான்கிலும் இறங்குபவர் ஐந்தாம் நாள் படுக்கை விரிக்கும்போது நின்றபடி தூங்குவார். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மற்ற இரண்டு மதியமும் தூங்குங்கள். இதை அழுத்தியே சொல்கிறோம்.

டெண்டரில் ஏறும்போது ஒருவருக்குக் கால் நசுங்கியதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவு ஆபத்தா?
*நாகர்கோவில் வாசகர்*

முறையாக ஏறினால் ஆபத்தில்லை. கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். அதையொட்டி ஒரு மேடை. அதன் ஓரத்தில் டெண்டர் வந்து நிற்கும். கப்பல் அசையாதது போலத் தெரியும், டெண்டரோ அலையோடு ஏறி இறங்கும். ஒரு நொடி மேடைக்குச் சமமாக இருக்கும், அடுத்த நொடி ஒரு முழம் கீழே போயிருக்கும். விபத்து நடப்பது அந்த இடைவெளியில்தான்.

இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பை முதுகில், போன் பைக்குள். மேடையில் இருபுறமும் நிற்கும் ஆட்கள் உங்கள் முன்கையைப் பிடிப்பார்கள், நீங்களும் அவர்கள் முன்கையையே பிடியுங்கள். விரல்களைக் கோத்தால் ஈரத்தில் வழுக்கும். கண் படகின் விளிம்பில் இருக்கட்டும். படகு மேலே வந்து ஒரு கணம் நிதானிக்கும், அப்போது அவர்கள் குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலுக்கு ஒரே அடி. தாண்டக் கூடாது, குதிக்கக் கூடாது. பாதி அடி வைத்துவிட்டுத் தயங்குவதுதான் மிக மோசமானது. அந்த நேரத்தில் படகு இறங்கினால் ஒரு கால் மேடையிலும் ஒரு கால் படகிலுமாக மாட்டிக்கொள்வீர்கள். சந்தேகமாக இருந்தால் அடுத்த அலைக்குக் காத்திருங்கள், பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தட்டும். சாதாரணச் செருப்பு வேண்டாம். ஈரமான கம்பிவலைத் தளத்தில் அது காலைவிட்டுக் கழன்றுவிடும். குதிகாலைச் சுற்றி வார் உள்ள சாண்டல் போடுங்கள்.

டெண்டர் நடக்குமா இல்லையா என்பதை கேப்டன்தான் முடிவு செய்வார். காற்றுக்கு மறைவு கிடைக்கும்படி கப்பலைத் திருப்பி வைத்து மேடையை அமைதிப்படுத்துவார்கள். காற்று ஒரு பக்கமும் அலைவீச்சு இன்னொரு பக்கமுமாக வந்தால் எப்படித் திருப்பினாலும் மறைவு கிடைக்காது. வானம் நீலமாக இருக்க, கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிய, தீவு ரத்தாவதற்கு இதுதான் காரணம். கரையில் இருக்கும்போது அலை ஏறத் தொடங்கினால் கடைசிப் படகுக்குக் காத்திருக்காமல் உடனே திரும்புங்கள்.

கப்பல் நேரம், தீவு நேரம், போன் நேரம் மூன்றும் மூன்றாக இருக்கிறது. எதை நம்புவது?
*காரைக்கால் வாசகர்*

கப்பல் நேரத்தை மட்டும். வனுவாட்டுவும் நியூ கலிடோனியாவும் உலகப் பொது நேரத்துக்கு 11 மணி முன்னே, ஃபிஜி 12 மணி முன்னே, சிட்னி குளிர்காலத்தில் 10 மணி முன்னே. கப்பல் சிட்னி நேரத்திலேயே இருந்து, வனுவாட்டு கோபுரத்தைப் பிடித்த உங்கள் போன் ஒரு மணி முன்னால் ஓடினால் பாதகமில்லை, சீக்கிரம் திரும்புவீர்கள், அவ்வளவுதான். ஆபத்து இதன் தலைகீழ். ஃபிஜியிலிருந்து வனுவாட்டு வரும் கப்பல் கடிகாரத்தைப் பின்னால் திருப்பாமல் ஃபிஜி நேரத்திலேயே இருக்கிறது, போன் மட்டும் தானாக வனுவாட்டுக்கு மாறிவிடுகிறது. அப்போது போன் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். நீங்கள் 3 மணி என்று நினைக்கும்போது கப்பலில் 4 ஆகியிருக்கும். போனில் தானியங்கி நேரமாற்றத்தை அணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பேட்டரிக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது.

ஊழியர்கள் திரும்ப வேண்டிய நேரம் பயணிகளுக்குச் சொல்வதைவிட முன்னதாகவே இருக்கும். கேங்வேயில் எழுதி வைத்திருப்பார்கள், இறங்கும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டால் முகவர் இருப்பார், சொந்தச் செலவில் அடுத்த ஊருக்குப் பறந்து போய்ச் சேரலாம். வேலை மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. ஆளில்லாத் தீவில் விடுதியும் இல்லை, முகவரும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டோ கப்பலில் இருக்கிறது.

வனுவாட்டுவில் இறங்க எனக்குத் தனி விசா வேண்டுமா?
*திருச்சி வாசகி*

நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஊழியர் பட்டியலை வைத்துக் கப்பலுக்கு மொத்தமாக அனுமதி வாங்குவார்கள், நீங்கள் கப்பல் அட்டையோடு இறங்கலாம். பாஸ்போர்ட், சி.டி.சி. எனும் கடற்பணியாளர் பதிவேடு இரண்டின் படமும் போனில் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் கப்பல் ஊழியர் விசா உங்கள் பெயரில் வேண்டும். அது 988 என்ற பிரிவு, இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. கடல் வழியாக வருபவருக்கான விசா அது. விமானத்தில் சிட்னி போய்க் கப்பலில் சேர்பவர் டிரான்சிட் விசாவும் வாங்க வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

மிஸ்டரி ஐலண்டில் என்ன இருக்கிறது, என்ன எடுத்துப் போக வேண்டும்?
*கடலூர் வாசகர்*

அந்தத் தீவின் சொந்தப் பெயர் இன்யெக். வனுவாட்டுவின் தென்கோடியில் உள்ள அனெய்ட்டியம் தீவை ஒட்டி, பவளப்பாருக்குள் கிடக்கும் மணல்திட்டு. சுற்றி நடக்க முக்கால் மணி நேரம், கூடினால் ஒரு மணி நேரம். நடுவில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை புல் மூடிக் கிடக்கிறது. குடியிருப்பவர் யாரும் இல்லை. ஆவிகள் உலவும் இடம் என்று நம்புவதால் அனெய்ட்டியம் மக்கள் அங்கே இரவு தங்குவதில்லை. கப்பல் வரும் நாளில் படகுகளில் வந்து கடை போடுவார்கள், சாயங்காலம் திரும்பிப் போய்விடுவார்கள்.

மின்சாரம், குழாய்த் தண்ணீர், ஏ.டி.எம். எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். கழுத்துவரை மூடும் முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி, பாறைச் செருப்பு, சிறிய முதலுதவிப் பொட்டலம் போதும். முழுக்கைச் சட்டை இருந்தால் வெயில் களிம்பு முகத்துக்கும் கால்களுக்கும் மட்டுமே தேவைப்படும், பவளத்துக்கும் அது நல்லது. ஆக்ஸிபென்ஸோன் கலந்த களிம்பைப் பலாவ் நாடு 2020-இலும் ஹவாய் 2021-இலும் தடை செய்ததற்குப் பவளத்தைக் காப்பதுதான் காரணம். வனுவாட்டு 2018-இல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது, துணிப்பையில் கொண்டு போங்கள்.

கப்பலின் பஃபேயிலிருந்து ஆப்பிள், சாண்ட்விச் எடுத்துப் போகாதீர்கள். பழத்தோடு வரும் பூச்சி ஒரு சிறு தீவின் தோட்டங்களையே அழித்துவிடும். பணம் சில்லறைத் தாள்களாக வேண்டும்: 5, 10 ஆஸ்திரேலிய டாலர். நாணயம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு நாணயத்தை வங்கிகள் பொதுவாக மாற்றித் தருவதில்லை, கடை போடும் பெண்மணிகள் கையில் அது வெறும் உலோகம். இளநீரோ துணியோ அவர்களிடமே வாங்குங்கள். கப்பல் வந்தால்தான் அவர்களுக்கு அந்த வருமானம்.

எனக்கு நீச்சல் சுமார்தான். ஸ்நார்கல் செய்ய (மூச்சுக்குழாய் கவ்விக் கடலடியைப் பார்த்தபடி நீந்த) எந்தத் தீவு சரி?
*சென்னை வாசகி*

இன்யெக்கின் உள்பக்கம், மணலிலிருந்து மெல்ல ஆழமாகும் இடம். அல்லது நியூ கலிடோனியாவில் உள்ள ஐல் ஆஃப் பைன்ஸ் தீவின் கனுமேரா விரிகுடா. டெண்டர் வந்து சேரும் குட்டோவிலிருந்து சில நிமிட நடைதான். அங்கே கரையை ஒட்டி நிற்கும் பெரிய பாறை அந்த ஊர் குனியே மக்களுக்குப் புனிதமானது. சுற்றி நீந்தலாம், மேலே ஏறக் கூடாது. அதே தீவின் ஓரோ இயற்கைக் குளம் பேர்போனது, ஆனால் வண்டி பிடித்துப் போய், பிறகு நடக்க வேண்டிய இடம். இரண்டரை மணி நேர விடுப்பில் அங்கே கிளம்பாதீர்கள்.

அதே நியூ கலிடோனியாவின் லீஃபூ தீவில் உள்ள ஜினெக் விரிகுடா உங்களுக்கு வேண்டாம். அங்கே மணல்கரை இல்லை, மேடையிலிருந்து படி இறங்கினால் நேரே ஆழம். மீன்கள் அற்புதம்தான், ஆனால் கால் ஊன்ற இடமில்லாமல் பதற்றம் வந்தால் பவளத்தின் மேல்தான் மிதிப்பீர்கள். எங்கே இறங்கினாலும் பவளப்பாரில் உள்ள திறப்புக்குப் பக்கத்தில் போகாதீர்கள். நீர் வற்றும்போது காயலின் தண்ணீர் முழுவதும் அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே இழுக்கும். துடுப்புச் செருப்பு போட்டவராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. இறங்குமுன் ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டு அது போகும் திசையைப் பாருங்கள். அதற்கு எதிர்த்திசையில் நீந்தத் தொடங்கினால், களைத்த பிறகு நீரோட்டமே உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும்.

பவளத்தில் கால் உரசியது. சின்னக் கீறல்தான், ஒரு வாரமாகியும் ஆறவில்லை. ஏன்?
*ராமநாதபுரம் வாசகர், கிச்சன் பிரிவு*

கீறலுக்குள் பவளத் துகள் இருக்கும். பவளம் உயிருள்ளது. அதன் சுண்ணாம்புக் கூடு கண்ணாடித்தூள் போல உடைந்து தோலுக்குள் நிற்கும், கூடவே அதன் மேலிருக்கும் வழவழப்பும் கடல்நீரின் கிருமிகளும் உள்ளே போகும். மேலே தோல் மூடிவிடும், உள்ளே சீழ் கட்டும். கப்பலில் நாள் முழுக்க ஷூவும் சாக்ஸுமாக ஈரத்தில் நிற்கும் கால் என்றால் இன்னும் சிரமம்.

கரையிலேயே செய்ய வேண்டியது: குடிதண்ணீர் பாட்டிலின் மூடியில் சிறு ஓட்டை போட்டு அழுத்திப் பீய்ச்சுங்கள். அரை லிட்டராவது வேண்டும், கடல்நீர் உதவாது. பிறகு ஈரமான காஸ் துணியால் காயத்தைத் தேய்க்க வேண்டும். எரியும், லேசாக ரத்தம் வரும், தேய்த்தால்தான் துகள் வெளியே வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உப்புப்பொடி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தெரிவதை இடுக்கியால் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர். மேலே பீட்டாடின், உலர்ந்த கட்டு. பசை வைத்தோ இறுக்கமான பிளாஸ்டர் போட்டோ மூடி அடைக்காதீர்கள்.

உங்கள் காயம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இன்றே கப்பல் மருத்துவரைப் பாருங்கள், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினால், சிவப்புக் கோடு மேலே ஏறினால், காய்ச்சல் வந்தால் அரை நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கிச்சனில் இருப்பவர் காயத்தை மறைப்பது உணவுக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. பதிவில் இல்லாத காயத்துக்குப் பின்னால் இழப்பீடு கேட்பது கடினம்.

இதோடு ஒரு விஷயம். மணலில் கல் போலவே கிடக்கும் கல்மீனை மிதித்தால் வலி உயிர் போகும். காலை, தாங்கக்கூடிய சூட்டு நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். ஐஸ் வைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் சூட்டை உணர மாட்டார், இன்னொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். கப்பல் மருத்துவக் குழுவுக்கு உடனே சொல்லி அனுப்புங்கள்.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டை நினைவாக எடுத்து வரலாமா?
*பாம்பன் வாசகி*

வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள், ராட்சதச் சிப்பி, 2017 முதல் நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டு உயிரி எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. செத்த துண்டு, கரையில் ஒதுங்கியது என்று சொன்னாலும் சுங்கத்தில் எடுபடாது. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது அறிக்கை அட்டையில் சங்கு, மரப்பொருள், விதை, ஓலைப்பின்னல் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதிக் காட்டினால் பெரும்பாலும் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள், இல்லையேல் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவுக்கும் சிக்கல். நம் நாட்டிலோ பவளமும் ராட்சதச் சிப்பியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் உங்களுக்கு இது புதிதில்லை.

கூம்பு வடிவத்தில், அழகான வரிகளோடு இருக்கும் சங்கை எடுத்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே உயிர் இருந்தால் ஊசி போன்ற பல்லால் குத்தும். சில வகைகளின் விஷம் ஆளைக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது.

கரையில் சுட்டுத் தரும் மீனைச் சாப்பிடலாமா? காவா குடிக்கலாமா?
*வேளாங்கண்ணி வாசகர்*

பவளப்பாரில் பிடித்த பெரிய மீன் வேண்டாம், அதிலும் பாரகுடா, சிவப்பு ஸ்னாப்பர் அறவே வேண்டாம். பாசியில் உண்டாகும் சிகுவாட்டெரா நஞ்சு சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிச் சேரும். வேகவைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. வாந்தி, பேதி, உதட்டில் மரமரப்பு, குளிர்ந்தது சுடுவது போன்ற உணர்வு வரும். ஆழ்கடல் சூரை பரவாயில்லை. எதனால் வயிறு கெட்டாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உணவு கையாள்பவரை அறிகுறி நின்று 48 மணி நேரம்வரை தனியாக வைப்பது வழக்கம்.

காவா என்பது ஒரு செடியின் வேரிலிருந்து செய்யும் தீவுப் பானம். மது அல்ல, ஆனால் நாக்கு மரத்து உடல் தளரும். மாலை வேலையும் அவசரகாலப் பொறுப்பும் உள்ளவர் மரியாதையாக மறுத்துவிடலாம். கையைக் கூப்பி நன்றி சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

டிராவுனி தீவில் ஊருக்குள்ளே நடக்கலாம் என்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
*புதுச்சேரி வாசகர்*

டிராவுனி ஃபிஜியின் காடாவு தீவுக் கூட்டத்தில், பெரிய அஸ்ட்ரோலேப் பவளப்பார் ஓரமாக இருக்கும் சிற்றூர். கடற்கரையில் நீச்சலுடை சரி, வீடுகளுக்கு நடுவே முட்டி மறையத் துணி கட்ட வேண்டும். ஊருக்குள் தொப்பியைக் கழற்றுங்கள், குழந்தையின் தலையைத் தொடாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மிட்டாய் விநியோகிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏதாவது தர வேண்டுமென்றால் பள்ளிக்கூட ஆசிரியரிடம் நோட்டு, பென்சில் கொடுங்கள். வணக்கத்துக்கு 'பூலா', நன்றிக்கு 'வினாகா'. வனுவாட்டுவில் 'டாங்கியு டுமஸ்', லீஃபூவில் 'ஒலெத்தி'. பகலிலும் கொசு விரட்டி பூசுங்கள், நியூ கலிடோனியா, வனுவாட்டு, ஃபிஜி மூன்றிலும் டெங்கு உண்டு. அனெய்ட்டியத்தில் 1991-இல் தொடங்கிய முயற்சியால் மலேரியா ஒழிக்கப்பட்டது, வனுவாட்டுவின் மற்ற பல தீவுகளுக்கு அந்த நிம்மதி இல்லை. திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் எந்தத் தீவில் இறங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாராசிட்டமால் மட்டும் போடலாம், ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது.

மகன் இரண்டு மூன்று நாள் போனே எடுப்பதில்லை. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
*தஞ்சாவூர் வாசகி*

அம்மா, தீவுகளுக்கு நடுவே ஓடும்போது சாதாரண சிக்னல் இருக்காது. கப்பலின் கடல் கோபுரத்தை ரோமிங்கில் பிடித்தால் பில் பெரிதாக வரும் என்று பையன்கள் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவார்கள். கப்பல் வைஃபையில் செய்தி அனுப்பலாம், ஆனால் ஊழியர்கள் பலருக்கு அது காசு கொடுத்து வாங்குவது, வேலை முடிந்த பிறகுதான் நேரமும். அவர் இரவு 11:30-க்கு வேலை முடிக்கும்போது வனுவாட்டு நேரப்படி நமக்கு மாலை 6 மணி. அழைப்பை எதிர்பார்க்காமல் குரல் செய்தி அனுப்பி வையுங்கள், சிக்னல் வந்ததும் கேட்பார். மூன்று விவரம் வாங்கிக் குறித்து வையுங்கள்: கப்பலின் பெயர், மாதப் பயணத் திட்டம், நிறுவனம் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் அவசரத் தொலைபேசி எண். நவம்பர் முதல் ஏப்ரல்வரை அங்கே புயல் காலம். திட்டத்தில் இருக்கும் தீவுக்குக் கப்பல் போகவில்லை என்றால் பெரும்பாலும் புயலுக்கு ஒதுங்கி வேறு பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம்.